வளையல் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்குமா? (வீட்டுப் பஞ்சாயத்து, கொஞ்சம் நீளம்)

செவ்வாய்ப்பேட்டை கொலுசு | ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சாக இருப்பதால் இங்கே கொண்டு வருகிறேன்.

சின்ன மகளுக்கு ஏழாம் மாதம். அடுத்ததற்கு அடுத்த ஞாயிறு வளைகாப்பு. கண்ணாடி வளையல் சத்தத்தை வைத்துத்தான் பிள்ளை வயிற்றிலேயே தாயை அடையாளம் கண்டுகொள்ளும் என்கிறார் என் அம்மா. வயது 84. பிள்ளைக்கு உள்ளே ஒன்றும் தெரியாது, சடங்கைச் சடங்காகச் செய்துவிட்டுப் போவோம் என்கிறார் மாப்பிள்ளை. நடுவில் நான்.

பேச்சு அங்கே நிற்கவில்லை. எங்களுடையது கூட்டுக் குடும்பம். மூத்த மகளின் பையனுக்கு 4 வயது. தம்பி மகனுக்கு 17, பிளஸ் டூ. வீட்டில் தனியாக இருந்தால் தங்கமான பையன். நண்பர்கள் நாலு பேர் வந்துவிட்டால் ஆளே வேறு. போன வாரம் சொல்லாமல் பைக்கில் ஏற்காடு போய்விட்டு ராத்திரி பதினொன்றுக்கு வந்தான். அம்மாவோ கல்யாணமாகி சேலம் வந்த கதையையே தினம் சொல்கிறார். நாம் கேட்பதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறது. மறதி நோயோ என்று பயமாக இருக்கிறது.

எனக்கு 59. நாற்பது வருடமாகக் கொலுசுப் பட்டறை. மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், இதைத் தொடமாட்டான். இந்த வயதுக்கு மேல் மனிதன் புதிதாக எதற்காவது மாறுவானா, இல்லை இனி தேய்மானம் மட்டும்தானா? வயிற்றுப் பிள்ளையில் தொடங்கி இங்கே வந்து நிற்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குரங்குச்சாவடி | ஞாயிறு, இரவு 9.40

அண்ணா, வளைகாப்பை நல்லபடியாக நடத்துங்கள், ஏழு வகைச் சாதத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கள். ஆனால் "நம் முன்னோர்கள் அப்போதே விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற வாட்ஸப் ரகம் மட்டும் வேண்டாம். கேட்கும் என்றால் எந்த மாதத்திலிருந்து, எந்த மாதிரிச் சத்தம், எப்படிச் சோதித்தார்கள் என்று யாராவது சொல்லட்டும். அப்புறம் நம்புகிறேன்.


ஒண்டிக்கடை டீ | ஞாயிறு, இரவு 10.55

நான் ஏற்காட்டில் பிறந்தவள். இப்போது சேலத்தில் மனநல ஆலோசகர். குரங்குச்சாவடி கேட்ட மூன்றுக்கும் பதில் உண்டு.

உள்காது ஏறக்குறைய 24, 25 வாரத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆறாம் மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகையில் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு வைப்பதில் தப்பில்லை, காது திறந்தாகிவிட்டது.

ஆனால் எல்லாச் சத்தமும் உள்ளே போகாது. வயிற்றுச் சுவரும் பனிக்குட நீரும் கீச்சென்ற உயர்ந்த ஓசைகளை மழுங்கடித்துவிடும். கனமான, தாழ்ந்த ஓசைகள் நன்றாகப் போகும். கண்ணாடி வளையலின் கிணுகிணு அந்த உயர்ந்த ரகம். அடுத்த வீட்டு மேளம் அதைவிட நன்றாகவே கேட்கும். எல்லாவற்றையும் விடத் தெளிவாகப் போவது தாயின் குரல். காற்று வழியாக மட்டுமல்ல, அவள் உடம்பு வழியாகவே இறங்குகிறது. சொற்கள் தெளிவாக இருக்காது, ராகமும் தாளமும் போகும். பக்கத்து அறையில் யாரோ பேசுவது சுவர் வழியாகக் கேட்குமே, அந்த மாதிரி.

எப்படிச் சோதித்தார்கள்? அந்தோணி டிகாஸ்பர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-ல் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளை வைத்துப் பார்த்தார். வாயில் ஒரு ரப்பர் காம்பு. ஒரு விதமாகச் சப்பினால் அம்மா குரல் ஒலிக்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். அம்மா குரல் வரும்படிதான் குழந்தைகள் சப்பின. 1986-ல் இன்னொரு படி மேலே போனார். கர்ப்பத்தின் கடைசி ஆறு வாரம் தாய்மார்கள் ஒரே குழந்தைக் கதையைத் தினமும் இரண்டு முறை சத்தமாக வாசித்தார்கள். பிறந்த பிறகு அந்தக் கதைக்கும் கேட்டிராத கதைக்கும் குழந்தைகள் வித்தியாசம் காட்டின. வேறு பெண் வாசித்தாலும் காட்டின.

2009-ல் ஜெர்மனியில் ஒரு குழு, பிறந்து சில நாளே ஆன 30 பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகையையும் 30 ஜெர்மன் குழந்தைகளின் அழுகையையும் ஒப்பிட்டது. பிரெஞ்சுக் குழந்தைகளின் அழுகை பெரும்பாலும் ஏறுமுகம், ஜெர்மன் குழந்தைகளுடையது இறங்குமுகம். அந்தந்த மொழிப் பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படி. நம் சேலத்துப் பிள்ளை "ங்க" போட்டு அழுமா என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே பஞ்சாயத்துத் தீர்ப்பு: உங்கள் அம்மா பாதி ஜெயித்துவிட்டார். பிள்ளை தாயைக் காதால் அறிகிறது என்பது உண்மை. வளையலால் அல்ல, வாயால். மகளைப் பாடச் சொல்லுங்கள், பாட வராவிட்டால் சண்டை போடச் சொல்லுங்கள், எல்லாம் போய்ச் சேரும்.


குரங்குச்சாவடி | திங்கள், காலை 7.05

சரி, ஒப்புக்கொள்கிறேன். சாப்பாடும் போய்ச் சேருமா? எங்கள் அம்மா நான் வயிற்றில் இருந்தபோது மாங்காயாகத் தின்றாராம், எனக்கு மாங்காய் என்றாலே பல் கூசுகிறது.


ஒண்டிக்கடை டீ | திங்கள், காலை 7.31

போகும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், திட உணவு தொடங்கும்போது கேரட் வாசனை போட்ட கஞ்சிக்கு மற்றக் குழந்தைகளை விடக் குறைவாக முகம் சுளித்தன. 2001-ல் வந்த ஆய்வு. உங்கள் மாங்காய்க்கு அது பொறுப்பில்லை, பல் டாக்டரைப் பாருங்கள்.


கோகிலா டீச்சர் பால்வாடி | திங்கள், மதியம் 2.20

அண்ணா, நான் அங்கன்வாடியில் 19 வருடமாக இருக்கிறேன். உங்கள் 4 வயதுப் பேரனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. என்ன செய்கிறான்?


செவ்வாய்ப்பேட்டை கொலுசு | திங்கள், மதியம் 2.48

அவனா? தட்டுவடை செட் வாங்கிக்கொடுத்தால் எண்ணி எண்ணிச் சண்டை. நேற்று அண்ணன்காரனுக்கு இரண்டு, இவனுக்கு இரண்டு. இவனுடையதில் ஒன்று கையிலேயே உடைந்து நாலு துண்டாகிவிட்டது. அழுவான் என்று பயந்தேன். "எனக்குத்தான் நிறைய" என்று குதிக்கிறான். இன்னொரு நாள், டம்ளரில் இருந்த பாலை உயரமான ஹார்லிக்ஸ் கிளாசில் ஊற்றினால்தான் குடிப்பேன் என்று அடம். ஏமாற்றுகிறோமோ என்று எனக்கே குற்ற உணர்வு.


கோகிலா டீச்சர் பால்வாடி | திங்கள், இரவு 8.15

ஏமாற்றுவதில்லை அண்ணா, அது அந்த வயதின் கணக்கு. எங்கள் பயிற்சியில் பியாஜே என்ற ஸ்விட்சர்லாந்து உளவியலாளரைப் பற்றிச் சொல்வார்கள். ஒரே அளவு தண்ணீரைக் குட்டைப் பாத்திரத்திலிருந்து நெட்டைப் பாத்திரத்துக்குப் பிள்ளைகள் கண்ணெதிரே ஊற்றுவார். நாலு ஐந்து வயதுப் பிள்ளைகள் நெட்டையில்தான் அதிகம் என்பார்கள். ஆறு ஏழு வயதில் "அதே தண்ணிதானே மிஸ்" என்று நம்மையே கிண்டல் செய்வார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை, ஒரு நாள் வந்துவிடுகிறது.

இன்னொன்று செய்து பாருங்கள். அவன் கண்ணெதிரே மிட்டாய் டப்பாவைத் திறந்து மிட்டாயை எடுத்துவிட்டுப் பென்சிலைப் போட்டு மூடுங்கள். "இப்போ மாமா வந்தா இதுக்குள்ள என்ன இருக்குன்னு நினைப்பார்?" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை "பென்சில்" என்னும். தனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கும். நாலு, நாலரையில் "மிட்டாய்னு நினைச்சு ஏமாந்துடுவார்" என்று சிரிக்கும். அடுத்தவர் மனதில் வேறொன்று இருக்கும் என்று தெரிந்த நாள் அது. பொய் சொல்லவும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பழகும்! அம்மாமார்கள் "பையன் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டான் டீச்சர்" என்று அழுதுகொண்டு வரும்போது மனதுக்குள் நான் மிட்டாய் கொடுப்பேன்.


குரங்குச்சாவடி | திங்கள், இரவு 9.02

டீச்சர், பியாஜே மீதும் ஒரு கேள்வி உண்டு. பெரியவர் ஒருவர் கண்ணெதிரே மாற்றிவிட்டு "இப்போ எது அதிகம்" என்று இரண்டாம் முறை கேட்டால், ஏதோ மாறியிருக்க வேண்டும் என்றுதானே குழந்தை நினைக்கும்? 1974-ல் இரண்டு ஆய்வாளர்கள் வில்லை வரிசையை வைத்து இதே மாதிரிச் சோதனை செய்தார்கள். வரிசையைக் கலைத்தது பெரியவர் அல்ல, ஒரு "சுட்டிக் கரடி பொம்மை". அப்போது சரியான பதில் சொன்ன குழந்தைகள் நிறையப் பேர். வயது மட்டுமல்ல, கேட்கிறவர் யார் என்பதும் கணக்கில் வருகிறது.


கோகிலா டீச்சர் பால்வாடி | திங்கள், இரவு 9.20

அது எங்களுக்குத் தினமும் தெரியும் தம்பி. சூப்பர்வைசர் அம்மா வந்து கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்குக் கலர் பெயர்கூட வராது. அவர் படியிறங்கியதும் ஏழு கலரும் சொல்லும்.


ஏழு பருவம் | திங்கள், இரவு 10.10

ஓய்வு பெற்ற தமிழாசிரியை. நம்மிடமும் வளர்ச்சிப் படிகள் உண்டு என்று சொல்லவே இந்த இழைக்குள் வந்தேன்.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மனப்பாடமாகத்தான் படித்திருப்பீர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, அப்புறம் ஆண்பால் பெண்பாலுக்கு வேறு வேறாக மூன்று. அதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஐந்தாம் மாதம் ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றித் தலையை ஆட்டுவது செங்கீரை. ஒன்பதாம் மாதம் கைதட்டுவது சப்பாணி. பிறகு நடந்து வா என்று கூப்பிடுவது. அப்புறம் நிலாவைக் கூப்பிட்டுப் பேசுவது. இன்றைக்குக் குழந்தை மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டவணைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

நாணப்படவும் இடம் உண்டு. பெண்ணுக்கு ஏழு பருவம்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். கடைசிப் பருவம் எத்தனை வயதில் முடிகிறது தெரியுமா? 40. அதற்குப் பிறகு பெயரே இல்லை! தலைவன் வீதியில் வர, பெண்கள் பார்த்து மயங்குவதாகப் பாடும் நூல்தான் உலா. அதைப் பாடியவர்களுக்கு 40-க்கு மேல் பெண்ணைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எனக்கு 66. கணக்குப்படி 26 வருடமாகப் பெயரில்லாத பருவத்தில் இருக்கிறேன். வாழ்க்கையிலேயே நான் நிறையக் கற்றுக்கொண்ட வருடங்கள் இவை.


ஒண்டிக்கடை டீ | திங்கள், இரவு 10.44

அம்மா, அந்தக் குறை நம் ஆட்களுக்கு மட்டுமில்லை. பியாஜே பதின்ம வயதோடு நிறுத்திவிட்டார். பிறப்பு முதல் முதுமை வரை முழுப் பாதையும் வரைந்தவர் எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர். 1950-ல் எட்டுப் படிகளை எழுதினார், ஒவ்வொன்றிலும் ஓர் இழுபறி. கைக்குழந்தைக்கு உலகத்தை நம்பலாமா வேண்டாமா என்பது. பதின்ம வயதில் நான் யார். நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுக்கிறேனா, இல்லை தேங்கி நிற்கிறேனா. கடைசியில், வாழ்ந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்கிறேனா என்பது.

முதுமையைப் பற்றி எழுதும்போது எரிக்சனுக்கு 48 வயதுதான். அவர் 1994-ல் இறந்த பிறகு, தொண்ணூறு தாண்டிய அவர் மனைவி ஜோன் எரிக்சன் உட்கார்ந்து ஒன்பதாவது படியைச் சேர்த்தார். எண்பது தொண்ணூறில் உடம்பு கைவிடும்போது பழைய இழுபறிகள் எல்லாம், கைக்குழந்தையின் நம்பிக்கைப் பிரச்சினை உட்பட, திரும்பி வரும் என்றார். பிறர் கையைப் பிடித்துத்தானே கழிப்பறைக்குப் போக வேண்டும், நம்பாமல் எப்படி? அங்கே போய்ப் பார்த்தவர் எழுதியது அது.

இந்த எட்டுப் படி ஏற்காட்டுப் பாதை மாதிரி என்று மாணவர்களுக்குச் சொல்வேன். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. எட்டாம் வளைவைத் தொடாமல் ஒன்பதுக்குப் போக முடியாது.


குரங்குச்சாவடி | திங்கள், இரவு 11.15

மன்னிக்கவும், உவமை ஓட்டை. மலைப்பாதையில் எல்லா வண்டிக்கும் அதே வளைவு. 16 வயதில் கல்யாணமாகி 17-ல் தாயான பெண்ணுக்கு "நான் யார்" என்று தேடும் படி எங்கே வந்தது? நம் அம்மாக்களில் பாதிப் பேர் அந்த வளைவையே பார்க்கவில்லை.


ஏழு பருவம் | திங்கள், இரவு 11.31

பார்த்தோம் தம்பி, 50-க்கு மேல்.


ஒண்டிக்கடை டீ | செவ்வாய், காலை 6.50

உவமையைத் திரும்பப் பெறுகிறேன். அம்மா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.


பிளஸ்டூ பாவம் | செவ்வாய், மாலை 6.30

வணக்கம், எனக்கு 17. அந்தத் தம்பி மகன் நான் இல்லை, ஆனால் நானும் பைக்கில் ஏற்காடு போயிருக்கிறேன். எல்லாரும் "மூளை இன்னும் வளரலை" என்கிறார்கள். தனியாகப் போனால் நானும் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறேன். பின்னால் பசங்க இருந்தால் கை தானாக முறுக்குகிறது. இது ஏன் என்று யாராவது திட்டாமல் சொல்வீர்களா? காலை ஐந்து மணிக்கு எழுப்பிப் படிக்கச் சொல்வதைப் பற்றியும்.


ஒண்டிக்கடை டீ | செவ்வாய், இரவு 8.40

தம்பி, நீ சொன்னதையே ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். 2005-ல் கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இருவர் பதின்ம வயதினர், இளைஞர், பெரியவர் என்று மூன்று கூட்டத்தைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவைத்தார்கள். சிக்னல் மஞ்சளாகும், நிற்பதா போவதா. சிலரைத் தனியாக, சிலரை நண்பர்களோடு. நண்பர்கள் இருந்தபோது உன் வயதுக்காரர்களின் துணிச்சல் எகிறியது. பெரியவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை.

மூளையில் பரிசையும் பரபரப்பையும் தேடும் பகுதி உன் வயதில் முழு வேகத்தில் இருக்கிறது. முன்நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பிரேக் இருபதுகளின் நடுப்பகுதி வரை இறுகிக்கொண்டே போகும். பிரேக் இல்லாமல் இல்லை, நண்பன் பார்க்கும்போது ஆக்சிலரேட்டரின் பலம் கூடிவிடுகிறது. அதனால் கொலுசு அண்ணா, பையனுக்கு அறிவுரையை விட ஒரு விதி பயன்படும்: மலைக்குப் போனால் பேருந்தில் போ, பைக்கில் பின்னால் ஆள் ஏற்றாதே. அவனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை.

தூக்கம்: பருவ வயதில் உடம்புக் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கான மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. ஐந்து மணிக்கு எழுப்புவது சோம்பலை உடைப்பதில்லை, தூக்கத்தை வெட்டுகிறது. ஆனால் இரண்டு மணி வரை போன் பார்ப்பதற்கு இதைச் சாட்சியாகக் காட்டாதே.


பிளஸ்டூ பாவம் | செவ்வாய், இரவு 8.43

முதல் பத்தியை மட்டும் அப்பாவிடம் காட்டுகிறேன்.


தோட்டத்து மகன் | செவ்வாய், இரவு 10.25

நாம் முதல் இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டோம், அங்கேயே கொஞ்சம் நிற்க வேண்டும்.

நான் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவன். அம்மா பழம் பறிக்கப் போவார். 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று அப்போதிருந்த 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்களுக்கும் ஒன்று இருந்தது. ஓர் ஆயா, இருபது பிள்ளைகள். அந்த ஆயாவின் முந்தானை வாசனை எனக்கு இன்றும் தெரியும். அம்மா இல்லாததால் கெட்டுப்போனேனா என்று பின்னாளில் ஒரு படிப்பு படித்தபோது பயந்திருக்கிறேன்.


ஒண்டிக்கடை டீ | செவ்வாய், இரவு 11.05

கெட்டுப்போகவில்லை, அந்த வாசனை நினைவிருப்பதே போதும். குழந்தைக்குத் தாய் மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. திரும்பத் திரும்ப வரும், தன் அழுகைக்குப் பதில் சொல்லும், மாறாத சில முகங்கள் வேண்டும். ஆயா, அம்மாயி, அத்தை யாராக இருந்தாலும் சரி.

அந்த முகம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியாதான் சாட்சி. 1989-ல் ஆட்சி கவிழ்ந்தபோது அனாதை இல்லங்களில் ஏராளமான குழந்தைகள். பால் உண்டு, துணி உண்டு, தூக்க ஆள் இல்லை. பிறகு புக்கரெஸ்டில் 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி வருடக்கணக்கில் தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகள் தேறினார்கள். சுமார் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் பல விஷயங்களில் இன்னும் நன்றாக.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டம்தான் ஞாபகம் வரும். பெண் சிசுவைக் கொல்லாதீர்கள், தொட்டிலில் விட்டுவிடுங்கள் என்று 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே சேலத்தில்தான். உயிர் பிழைக்கத் தொட்டில் போதும். அதற்கப்புறம் எவ்வளவு சீக்கிரம் ஒரு மடி கிடைத்தது என்பதில் மற்றதெல்லாம் இருக்கிறது.


கோகிலா டீச்சர் பால்வாடி | புதன், காலை 9.10

அந்தக் காலத்தில் பிறந்த பெண்ணொருத்தி இன்று எங்கள் மையத்துக்குத் தன் குழந்தையைக் கொண்டுவந்து விடுகிறாள். அவளை வளர்த்தவர்கள் எடுத்துக்கொண்டபோது அவளுக்கு மூன்று மாதமாம். மாலையில் மகள் ஓடி வரும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் எழுதினால் அவளை அடையாளம் தெரிந்துவிடும், விட்டுவிடுகிறேன்.


செவ்வாய்ப்பேட்டை கொலுசு | புதன், இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. மாப்பிள்ளை முழுதும் படித்துவிட்டார், இப்போது வயிற்றுக்கு அருகில் போய் கிரிக்கெட் ஸ்கோர் சொல்கிறார்.

அம்மா விஷயம்தான் பாக்கி. நேற்று "மருந்து சாப்பிட்டாச்சா" என்று கேட்டேன். "ஆமா, மாரியம்மன் கோவில்ல கூட்டம்தான்" என்றார். பிறகு வழக்கமான கதை. கல்யாணமாகி வந்த புதிதில், ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு முன்னால் அப்பாவும் அவரும் நின்றார்களாம், உள்ளே ஷூட்டிங்காம், வாட்ச்மேன் விடவில்லையாம். எந்தப் படம் என்று கேட்டால் தெரியாது. நின்றது மட்டும் தெரியும், அன்றைக்குக் கட்டியிருந்த புடவை நிறமும்.


அஸ்தம்பட்டி மருமகள் | புதன், இரவு 10.15

அண்ணா, என் மாமியாரை ஆறு வருடம் மறதி நோயோடு பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். முதலில் காதைப் பாருங்கள். "மருந்து" என்று கேட்டு "மாரி" என்று காதில் விழுந்ததற்கு மறதி காரணமா? டிவி சத்தம் எவ்வளவு வைக்கிறார்? எதிரில் நின்று பேசினால் சரியாகப் பதில் வருகிறதா?

எங்கள் வீட்டில் இரண்டு வருடம் கழித்துத்தான் காது டாக்டரிடம் போனோம். அதில் பாதி காது, பாதி நோய். முதலிலேயே போயிருந்தால் அந்த இரண்டு வருடம் நான் கத்திப் பேசியிருக்க மாட்டேன். அவரும் எதற்கு என்னைத் திட்டுகிறாள் என்று நினைத்திருக்க மாட்டார்.


ஒண்டிக்கடை டீ | புதன், இரவு 10.40

இதை அப்படியே வழிமொழிகிறேன். லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மறதி நோய்க்குத் தவிர்க்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. கேட்கும் திறன் குறைவு அதில் பெரியவற்றில் ஒன்று. கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுவார், தனிமையாவார், மூளைக்கு வேலை குறையும். காது டாக்டர் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் நரம்பியலோ மனநலமோ பார்க்கலாம்.

பழைய கதையே சொல்வது மட்டும் நோய் அடையாளமில்லை. வயதானவர்களிடம் ஏதாவது நினைவைச் சொல்லச் சொன்னால் 10 வயதுக்கும் 30-க்கும் இடையில் நடந்தவைதான் குவிந்து வரும். "நினைவு மேடு" என்று சொல்லலாம். முதல் தடவை நடந்தவை எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர் 1963-லேயே, முதியவர்கள் வாழ்க்கையைத் திருப்பிப் பார்ப்பது புலம்பல் அல்ல, செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை என்று எழுதினார்.


ஏழு பருவம் | புதன், இரவு 11.20

அதற்கு முன்னாலேயே நம்மிடம் ஒருவர் எழுதிவிட்டார். புறநானூற்றில் 243-வது பாட்டு. பூண் போட்ட தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு இடையில் சில சொல் பேசும் கிழவர். அவருக்கு நினைவு வருவது என்ன? தோழிப் பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும், மருத மரக் கிளையேறித் தொபுக்கடீரென்று மடுவில் குதித்து, அடியைத் தொட்டதற்கு அத்தாட்சியாகக் கைநிறைய மணலை எடுத்துக்காட்டியதும். புலவரின் பெயரே மறந்துபோய், பாட்டில் வரும் தடியை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். கிழவர் மறக்காதது அந்த மணல்.

உங்கள் அம்மாவின் புடவை என்ன நிறம்?


செவ்வாய்ப்பேட்டை கொலுசு | வியாழன், காலை 6.15

கத்திரிப்பூ நிறம், அரக்கு பார்டர்.

ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன். என் பட்டறையில் ஒரு பெரியவர் இருக்கிறார், 71 வயது. ஒரு காலத்தில் நாற்பது டிசைன் போடுவார், இப்போது ஐந்தாறுதான் எடுக்கிறார். ஆனால் அந்த ஐந்தாறில் அவர் பற்றவைத்த இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் தெரியாது. நுணுக்கமான வேலையைக் காலை வெளிச்சத்தில் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் மணி கோர்ப்பதோடு சரி. வயசாகிவிட்டது என்று பாவப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பாவப்படுகிறாரோ என்னமோ.


ஒண்டிக்கடை டீ | வியாழன், காலை 8.00

அண்ணா, நீங்கள் எழுதியதற்குப் பால் பால்டெஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் ஒரு கோட்பாடே வைத்திருக்கிறார். அவர் சொல்லும் உதாரணம் பியானோ மேதை ரூபின்ஸ்டைன். 80 வயதிலும் மேடையில் எப்படி என்று கேட்டதற்கு: குறைவான பாடல்களை எடுத்துக்கொள்கிறேன், அவற்றை அதிகம் பழகுகிறேன், வேகமான இடத்துக்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசிக்கிறேன், அப்போது அது வேகமாகத் தெரியும். உங்கள் பெரியவரின் காலை வெளிச்சமும் அதே தந்திரம்தான்.

"59-க்கு மேல் தேய்மானமா" என்று கேட்டீர்கள். 20 வயதுக்காரர்களையும் 70 வயதுக்காரர்களையும் ஒரே நாளில் சோதித்து ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும். வார்னர் ஷாயி 1956-ல் சியாட்டிலில் தொடங்கி அதே ஆட்களை ஏழு வருடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தார். பெரும்பாலான திறன்களில் 60 வரை சொல்லிக்கொள்ளும்படி சரிவில்லை. முன்னால் தெரிந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வயது அல்ல, தலைமுறை: யார் எத்தனை வகுப்பு படித்தார்கள் என்பது. வேகம் குறையும், புதுப் புதிர் தடுமாறும். சொல்வளமும் தொழில் அறிவும் அறுபதுகளிலும் நிற்கும்.


குரங்குச்சாவடி | வியாழன், காலை 8.22

நடுவயது நெருக்கடியைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு 44.


அஸ்தம்பட்டி மருமகள் | வியாழன், காலை 8.30

அந்தச் சொல்லே 1965-ல்தான் வந்ததாம். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் "புது பைக்".


செவ்வாய்ப்பேட்டை கொலுசு | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.50

வளைகாப்பு முடிந்தது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

அம்மாவைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனோம். ஒரு காதில் குரும்பி அடைத்துப் போயிருந்தது, எடுத்தார்கள். மற்றது வயதால் வந்த குறைதான். போட்டுப் பாருங்கள் என்று ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். அம்மா அதை வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு "நல்லாத்தான் கேக்குது" என்கிறார். இன்று மட்டும் பேத்திக்காகப் போட்டுக்கொண்டார்.

வளையல் அடுக்கும்போது அம்மா திடீரென்று கையை உதறினார். "என்னடா இது, இவ்வளவு சத்தமா? அறுந்து விழற மாதிரி இருக்குது" என்றார். எத்தனை வருடமாகக் கேட்காமல் இருந்ததோ தெரியவில்லை. அதற்குப் பிறகு மிக்சி ஓடியது, கருவியைக் கழற்றிவிட்டார். மறதி பற்றி இன்னொரு டாக்டரைப் பார்க்க அடுத்த மாதம் தேதி வாங்கியிருக்கிறேன். காது ஒன்றே காரணம் என்று நானும் எண்ணவில்லை.

மகளைப் பாடச் சொன்னோம், வெட்கப்பட்டாள். அம்மா பாடினார், மூன்று அடி, நான்காவது மறந்துவிட்டது. தம்பி மகன் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறான். பைக் சாவி இப்போது என்னிடம்.

பட்டறையை மூடவில்லை. பெரியவரிடம் அந்தப் பற்றவைப்பைக் கற்றுக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். முதலாளியாக இருந்து இத்தனை வருடம் அதைத் தொட்டதே இல்லை. முதல் நாளே இரண்டு கொலுசைக் கருக்கிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, காலையில் வாங்க என்றார்.


கோகிலா டீச்சர் பால்வாடி | ஞாயிறு, இரவு 11.04

பிறந்ததும் சொல்லுங்க அண்ணா. எந்த ஏரியா அங்கன்வாடி வரும் என்று இப்பவே பார்த்து வைக்கிறேன்.


குரங்குச்சாவடி | ஞாயிறு, இரவு 11.10

ஏழு வகைச் சாதத்துக்குக் கூப்பிடவில்லை. குறித்து வைத்திருக்கிறேன்.